விமானமோட்டும் தொழிலில் படிமுறை
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர் சிலர் விமானமோட்டும் தொழிலை விரும்புகின்றனர். பெற்றோர் நிலத்தை ஈடுவைத்தும் பயிற்சிக்குப் பொருள் தேடுகின்றனர். ஆதலின், அத்தொழில் பெரிதும் வளர்ந்துள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவன் எங்ஙனம் உயர்கின்றான் என்பதைச் சிறிது கூற விழைகின்றேன்.

ஆண்டுள்ள கம்பெனிகள் பெரும்பாலும் இருவகையின. கடல் கடந்தும் செல்லும் பெருங்கம்பெனிகள் ஒருவகை. சிற்றூர்ப் பயணிகளைப் பெருநகர் நிலையங்களிற் கொண்டு சேர்க்கும் ஸ்கைவெஸ்ட், என்வாய் போன்ற வட்டாரக் கம்பெனிகள் மற்றொரு வகை. இவற்றின் ஜெட் விமானங்களில் இருக்கைகள் பெரும்பாலும் 76-க்கு மேற்படா. பெருங்கம்பெனி விமானிகளின் சங்கங்கள், தம் வேலை பறிபோகாவண்ணம் செய்துகொண்ட உடன்படிக்கையே இதற்குக் காரணம். சங்கத்தின் வலிமையை நாம் இதனாலும் உணரலாம்.

வட்டாரக் கம்பெனியே விமானிக்குப் பயிற்சிக்களம். குறுந்தொலைவுப் பயணங்களாதலின், ஒரே நாளிற் பன்முறை ஏறலும் இறங்கலும் உண்டு. பனியும் புயலும் பழக்கமாகும். ஆயினும் பொறுப்பு சிறிதன்று. 2009 பிப்ரவரி 12-ஆம் நாள் கால்கன் என்னும் வட்டாரக் கம்பெனியின் விமானம் பபலோ நகரருகே வீழ்ந்து, தரையிலிருந்த ஒருவருட்பட 50 பேர் மாண்டனர். விமானம் தளர்வதை உணர்த்திய எச்சரிக்கைக்குத் தலைமை விமானி பிழைபடச் செயலாற்றியதே காரணமென விசாரணையிற் கண்டனர். மாண்டாரின் உற்றார் விடாது முயன்றனர். 2010-இல் சட்டம் பிறந்தது. முன்னர் 250 மணி நேரம் பறந்தவரும் துணை விமானியாகலாம். 2013 முதல் 1,500 மணி வேண்டும். படைவிமானிக்கு 750-உம், தகுதிபெற்ற கல்லூரியில் விமானப் பட்டம் பெற்றார்க்கு 1,000-உம் போதும்.

அவ்வளவு மணிகளை எங்ஙனம் ஈட்டுவது? பலர் பிறர்க்குப் பறக்கக் கற்பித்தே ஈட்டுகின்றனர். கற்பிப்போனே நன்கு கற்கின்றான் என்பது ஆசிரியனாகிய எனக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

வட்டாரக் கம்பெனியில் நெடுங்காலம் சம்பளம் மிகக் குறைவு. விமானிகட்குப் பஞ்சம் வந்தபின், 2022-இற் சில கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலராக உயர்த்தின. ஆண்டுத் தலைமை விமானியானவனும் பெருங்கம்பெனியிற் புகுங்கால், பணிமூப்பு வரிசையிற் கடைசியில் நின்று, மீண்டும் துணை விமானியாகவே தொடங்கல் வேண்டும். எந்த விமானம், எந்த ஊர், எப்பொழுது விடுமுறை என்பவற்றை அவ்வரிசையே முடிவு செய்யும். 65 வயதில் ஓய்வு கட்டாயம். எனவே மாற்றத்திற்குக் காலந்தாழ்த்தலும் நட்டமே.

பெற்றோர்க்கு இரண்டு சொல்வேன். அமெரிக்காவிற் பயிற்சி பெற்றதனால் மட்டும் அங்கு வேலை செய்யும் உரிமை கிட்டாது. அவ்வுரிமம் நம் நாட்டிற் செல்லவும் இங்குத் தேர்வெழுதி மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஆதலின், கடன் வாங்குமுன் இவற்றை நன்கு உசாவுக. இளைஞர்காள்! சிறிய விமானத்தை இழிவென எண்ணற்க. அதிலமர்ந்தோர் உயிரும் பெரிய விமானத்தில் அமர்ந்தோர் உயிரை ஒத்ததே.