வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



போன வாரம் மில் வாசலில் ஒரு தோழர் என்னை மடக்கினார். "நகரசபை வீடு கட்டித்தர வேண்டும் என்கிறீர்களே, அதற்குப் பணம் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னா இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் உலக யுத்தத்துக்கு முன் அங்கே தொழிலாளி எப்படி வாழ்ந்தான்? ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. தண்ணீர்க் குழாயும் கக்கூசும் வெளி நடையில், பல குடும்பங்களுக்கும் பொது. அப்படியும் வாடகை கட்டி மாளாது. ஆகவே, வீட்டிலிருந்த படுக்கையைச் சில மணி நேரத்துக்கு வெளியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் வந்தது.

1919 நகரசபைத் தேர்தலில் ஆண்களும் பெண்களும் சமமாக வாக்களித்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. 1922ல் வியன்னா தனி மாகாணமாகி, வரி போடும் அதிகாரம் பெற்றது. மறு வருஷமே, நிதிப் பொறுப்பிலிருந்த ஹியூகோ பிரைட்னர் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டினார்கள். ஆனால் ஏழைக்குச் சொற்பம். மாளிகைக்காரனுக்குப் பல மடங்கு. 200ல் ஒன்று என்ற கணக்கிலிருந்த ஆடம்பரக் கட்டிடங்கள் மட்டும் மொத்த வரியில் சுமார் 45 சதவீதம் கொடுத்தன! மோட்டார் காருக்கும், வீட்டு வேலைக்காரர் கூட்டத்துக்கும் தனி வரி. பணம் அங்கேதான் இருந்தது, தோழர்களே!

கடன் வாங்கிக் கட்டவில்லை. ஆகவே வட்டிச் சுமை இல்லை. பராமரிப்புச் செலவுக்கு மட்டுமே வாடகை. தொழிலாளியின் கூலியில் சுமார் 4 சதவீதந்தான். 100 ரூபாய் கூலிக்காரன் 4 ரூபாய் கொடுப்பது போல.

1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றில் ஒன்று கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. 1,382 வீடுகள், நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டிடம். மீதி தோட்டமும் குழந்தைகள் விளையாடும் முற்றமும். பொதுச் சலவைக்கூடம், குளிப்பிடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை எல்லாம் உள்ளேயே. பெண்களின் முதுகை ஒடித்த சலவை வேலையை இயந்திரம் ஏற்றது. சுவர் எழுப்பியதோடு நிற்காமல், அக்கம்பக்கம் கூடி வாழும் இடத்தையும் நகரசபை உண்டாக்கியது.

அதைப் பொறுப்பார்களா? 1934 பிப்ரவரியில் தொழிலாளர் எதிர்த்தெழுந்தபோது, டால்பஸ் அரசாங்கம் அந்தக் குடியிருப்பைப் பீரங்கியால் சுட்டது. நகரசபை தொழிலாளர் கையில் இருந்தது, பட்டாளம் இல்லை. இந்தப் பாடத்தையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் வீடுகள் நின்றன. இன்று வியன்னா நகரசபைக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் உண்டு. நகரசபை உதவியில் கட்டப்பட்ட பிற வீடுகளையும் சேர்த்தால், நகர மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கிறார்கள். 1974 முதல் பேட்டைகளில் அலுவலகம் வைத்து, குடியிருப்போருக்கு இலவசமாக ஆலோசனையும் சொல்லி வருகிறது.

ஆகவே இனி யாராவது "பணம் எங்கே?" என்று கேட்டால், தலை குனியாதீர்கள். "வரியை யார் தலையில் போடுகிறீர்கள்? அதை எதற்குச் செலவழிக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டுப் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.