கடல் கடந்து உழைத்தவன் பணம் யார் பெயரில்?

(கான்சாபுரத்தில் நடைபெற்ற விவசாயத் தொழிலாளர், பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் கண்மாய்த் தண்ணீரைப் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லி விட்டார்கள். நான் வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் பலருடைய பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை செய்கிறார்கள். நாற்று நடவும் மில் வேலையும் கட்டுப்படியாகாமல் போனவர்கள் அவர்கள். அங்கே அவர்கள் சம்பாதிக்கிற பணம் ஊருக்கு எப்படி வருகிறது, வந்தது யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு தோழர் என்னைத் தேடிக் கட்சி ஆபீசுக்கு வந்தார். வளைகுடா நாடு ஒன்றில் ஒன்பது வருஷம் கம்பி கட்டும் வேலை பார்த்துத் திரும்பியவர். கையில் ஒரு பழைய பாஸ்புக் இருந்தது. "தோழர், என் கணக்கு செத்துப் போச்சுன்னு பாங்கியிலே சொல்றாங்க" என்றார். நூறு நாள் வேலைக் கூலி ஏறிய கணக்கு அது. போகும்போது அதை அப்படியே விட்டு விட்டுப் போயிருக்கிறார். அங்கே போனதும் ஊர் டெலிபோன் நம்பர் காலாவதியாகி விட்டது. அதனால் பாங்கியிலிருந்து தகவல் எதுவும் அவருக்கு வரவில்லை. பிறகு அனுப்பிய பணத்தையெல்லாம் மச்சினன் கணக்குக்கே அனுப்பினார். அந்தப் பணத்தில் ஒரு மனை வாங்கி, அதையும் மச்சினன் பெயரிலேயே பதிவு செய்தார்கள்.

மச்சினன் மோசக்காரர் அல்ல. ஒரு பைசாவையும் அவர் வீணாக்கவில்லை. ஆனால் அவர் திடீரென்று இறந்து போனார். இன்று சட்டப்படி அந்த மனைக்கும் மீதிப் பணத்துக்கும் உரியவர்கள் அவருடைய மனைவியும் குழந்தைகளும். ஒன்பது வருஷம் வெயிலில் நின்றவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை! "அது என் வேர்வைதான்னு எதைக் காட்டி நான் சொல்றது?" என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

பர்மாவும் குவைத்தும் சொல்லும் பாடம்

கடல் கடந்து போய் உழைப்பது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனார்கள். பணக்காரர்கள் இதில் முதலிலேயே ஜாக்கிரதையாக இருந்தார்கள். 1937 பிப்ரவரி 10ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி ஆரம்பிக்கப்பட்டபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். வியாபாரிக்கு இங்கேயும் அங்கேயும் கணக்கு இருந்தது. மூட்டை தூக்கியவனுக்கோ மணியார்டர் ரசீதும் இடுப்பு முடிச்சும்தான்!

1941 டிசம்பர் 23ந் தேதி ரங்கூன் மீது குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். 1963ல் பர்மிய ராணுவ ஆட்சி பாங்கிகளையும், 1964ல் கடைகளையும் எடுத்துக் கொண்டது. அந்த 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள் தங்கள் வாழ்நாள் உழைப்பை அங்கேயே விட்டு விட்டு வந்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1990 ஆகஸ்ட் 2ந் தேதி இராக் படைகள் குவைத்தில் நுழைந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். குவைத் பாங்கியில் போட்டு வைத்திருந்த பணம் அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. பிற்பாடு ஐக்கிய நாடுகள் சபை அமைத்த கமிஷன் மூலம் நஷ்ட ஈடு கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாதா மாதம் ஊருக்கு அனுப்பி, தன் பெயரில் சேர்த்து வைத்திருந்தவனுக்கு அது மிஞ்சியது. உழைக்கும் நாடு எதுவானாலும் சேமிப்பு ஊரில் இருக்கட்டும், உன் பெயரில் இருக்கட்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இரண்டு வகைக் கணக்கு

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பழைய கணக்கையே வைத்துக் கொள்ளலாமா? கூடாது.

1999ல் நிறைவேறி 2000 ஜூன் 1ந் தேதி அமலுக்கு வந்த அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகிறவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது. பாங்கிக்குத் தெரிவித்து அதை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரியாமல் இருந்தவர் இன்றைக்காவது போய் மாற்றிக் கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த என்.ஆர்.ஓ. கணக்கு ஊரில் கிடைக்கும் பணத்துக்கு. குத்தகைப் பணம், மில்லை விட்டு நின்றவருக்கு வர வேண்டிய பிராவிடண்ட் பண்டு, இன்ஷூரன்ஸ் முதிர்வுத் தொகை ஆகியவை இதில் வரும். இதில் கிடைக்கும் வட்டிக்கு வருமான வரியை பாங்கியிலேயே பிடித்து விடுவார்கள். நூற்றுக்கு 30, அதன் மேல் செஸ் 4 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் போட்டு, நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்துக் கொண்டால் வருஷத்துக்கு 7,000 ரூபாய். அதில் 2,184 ரூபாய் போய் விடும். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். கேட்காதவனுக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாம் என்றும் விதி இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டும் கஷ்டம் நம்மில் யாருக்கும் வரப் போவதில்லை! (சிரிப்பு)

இரண்டாவது 'என்.ஆர்.இ.' கணக்கு. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு ஏற்பட்டது. இது 1970ல் வந்தது. நீங்கள் திர்ஹாமாகவோ ரியாலாகவோ வெள்ளியாகவோ அனுப்புவது இதில் ரூபாயாக நிற்கும். வெளிநாட்டில் குடியிருக்கும் வரை இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. வேண்டும்போது முழுவதையும் திரும்ப அங்கே எடுத்துப் போகலாம். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் ரூபாயை இதில் கட்ட முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் உங்கள் கூலிக்குச் சாட்சி. எந்த மாதம், எவ்வளவு, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதப்பட்டிருக்கும். "எதைக் காட்டிச் சொல்வது?" என்று அந்தத் தோழர் கேட்டாரே, அவருக்கு இல்லாமல் போன காகிதம் இதுதான்.

உண்டியல்காரர் சற்றுக் கூடுதலாக ரேட் தருகிறாரே என்று கேட்பீர்கள். தரலாம். ஆனால் அவரிடம் ரசீது உண்டா? பணம் வழியில் மறைந்தால் எந்தக் கோர்ட்டில் கேட்பீர்கள்? சட்ட விரோதம் என்பது ஒரு புறம். உங்கள் உழைப்புக்கு அத்தாட்சியே இல்லாமல் போவது மறு புறம்.

வீட்டுப் பெண்கள் கையில்

கணக்கு கணவன் பெயரில் இருந்தால் அடுப்பு எரிவது எப்படி என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுச் செலவுக்கான பணத்தை நேரே மனைவியின் கணக்குக்கு அனுப்பலாம். அதற்குத் தடை இல்லை. சேமிப்பு என்.ஆர்.இ. கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கிலும் மனைவி, தாய் போன்ற நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்க வழி இருக்கிறது. கணவன் உயிரோடு இருக்கும் வரை அவர் பவர் பத்திரத்தின் பேரில் ஊர்ச் செலவுக்கு எடுக்கலாம். அதே பவரை வைத்து வேறு யாருக்கும் இனாம் கொடுக்க முடியாது. கணவனுக்கு ஏதாவது நேர்ந்தால் கணக்கு மனைவி கைக்கு வரும்.

நாமினி பெயர் எழுதாமல் விமானம் ஏறாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை எழுதலாம். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரை எழுதியவர், கல்யாணத்துக்குப் பின் அதைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

உறங்கும் கணக்கு, வாடகைக் கணக்கு

இரண்டு வருஷம் நீங்கள் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் கணக்கு முடங்கி விடும். பத்து வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் பாங்கியின் நிதிக்குப் போய் விடும். அப்போதும் அது உங்கள் பணமே. பாங்கியில் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். முடங்கிய கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. அதில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் பாங்கி உத்தரவு இது. யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஊர் நம்பர் போனால் ஓ.டி.பி.யும் போய் விடும். ஆகவே நம்பரை உயிரோடு வைத்திருங்கள். அல்லது வெளிநாட்டு நம்பரைப் பாங்கியில் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. "பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று சிலர் வருவார்கள். மோசடிப் பணத்தை ஓட்டுவதற்கு உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள். போலீஸ் வரும்போது அவன் இருக்க மாட்டான். உங்கள் பெயர்தான் இருக்கும். அங்கேயும் சம்பளக் கார்டைப் போர்மனிடமோ ஏஜெண்டிடமோ விட்டு வைக்காதீர்கள். தோட்டத்துக் கங்காணி நம் பாட்டன் கூலியைக் கையில் வாங்கிப் பிடித்தம் செய்த கதையை மறந்து விட்டோமா?

சர்க்கார் செய்ய வேண்டியது

உலக பாங்கி மதிப்பீட்டின்படி 2024ல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 12,900 கோடி டாலர். 2023-24ல் அப்படி வந்த பணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்ததாக ரிசர்வ் பாங்கி ஆய்வு கூறுகிறது. கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர் அனுப்புவதும் இதில் உண்டு. கம்பி கட்டுபவர் அனுப்புவதும் உண்டு. உத்தியோகஸ்தருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்க ஆடிட்டர் இருக்கிறார். கம்பி கட்டுபவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்க வேண்டும். வெளிநாடு போகிறவருக்கு இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடு என்று கேட்க வேண்டும். வத்திராயிருப்பு போன்ற சிற்றூர்க் கிளைகளிலும் கணக்கு மாற்றத்தைத் தட்டிக் கழிக்காமல் செய்து கொடு என்று கேட்க வேண்டும். பணம் அனுப்பும் செலவை 2030க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே கொண்டு வருவதாக உலக நாடுகள் 2015ல் ஐ.நா. சபையில் ஒப்புக் கொண்டன. அதை நிறைவேற்று என்று கேட்க வேண்டும்.

அந்தத் தோழர் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். செத்துப் போன கணக்கை மூன்று முறை அலைந்து உயிர்ப்பித்தோம். அதில் இருந்த 11,000 சொச்சம் ரூபாய் கிடைத்தது. மனை விஷயம் இன்னும் முடியவில்லை. அந்த விதவைத் தாயையும் குழந்தைகளையும் கோர்ட்டுக்கு இழுக்க அவருக்கு மனமில்லை. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கின்றன. ஒரு கையெழுத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு நடுவே நிற்கிறது.

உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது. இன்று இரவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போடுங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "ராசா, உன் பணம் உன் பெயரில் இருக்கிறதா?" பதில் சரியாக வராவிட்டால் பாஸ்புக்கை எடுத்துக் கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். சேர்ந்தே பாங்கிக்குப் போவோம்.