வாளை தேடிய இரவு



ஒருவர் கை பட்டால் மண்ணும் பொன்னாகும் என்றும், மற்றொருவர் முகத்தில் விழித்தால் எடுத்த கருமம் கைகூடாது என்றும் சொல்லும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. முன்னவரை ராசிக்காரர் என்று போற்றுவர். பின்னவரை எதிரே ஒன்றும் சொல்லார். ஆனால் மங்கல காரியம் நடக்கும் இடத்தில் அவரைச் சற்றே ஒதுக்கி வைப்பர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒருவரும் அவருடைய நண்பர் மூவரும், மகாவலி கங்கைக் கரையில் மீன் பிடிக்கச் சென்று கழித்த ஓர் இரவின் கதையே இன்றைய பேச்சு.

வாழைச்சேனையிலே துறைமுகத்துக்குப் போகும் வழியில் சிறு தேநீர்க்கடை வைத்திருப்பவர் அவர். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி கிழக்கிலங்கையைப் பெருஞ் சூறாவளி தாக்கியது. அன்று அவருக்கு எட்டு வயது நிறைந்தது. வீட்டிலே பாற்சோறு பொங்கி, கோயிலுக்குப் போய் வந்த அன்றிரவே கூரை பறந்துவிட்டது. மட்டக்களப்புப் பகுதியில் அன்று கூரை இழந்த வீடுகளை எண்ணி முடியாது. ஆயினும், 'பிறந்த நாளிலே சூறாவளியை அழைத்து வந்தவன்' என்ற பெயர் அந்தச் சிறுவனுக்கு மட்டும் நிலைத்தது. பள்ளிக்கூடத்தில் பட்டப் பெயரே 'சூறாவளி' என்றாயிற்று. பந்து விளையாட்டில் தோற்றால் சூறாவளி, மாம்பழம் பறிக்கும்போது தோட்டக்காரன் வந்துவிட்டால் சூறாவளி. அவரும் சிரித்துக்கொண்டே வளர்ந்தார்.

சிரிக்க முடியாத நாள் ஒன்று ஆண்டுதோறும் வரும். சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும், நல்ல ராசியுள்ளவர் என்று கருதப்படுவோரிடம் கைவிசேடம் வாங்குவது நம் வழக்கமன்றோ? அவர் கடையில் நாள்தோறும் தேநீர் அருந்துவோர், அந்த ஒரு நாள் அவர் வாசலைத் தவிர்த்து நடப்பர். வெற்றிலையில் வைத்த புது நாணயங்கள் மாலைவரை அப்படியே இருக்கும். இதனை அவர் ஒருவரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

அவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர் மூவர். ஒருவர் தபாலதிபர், ஒருவர் வயலும் மாடும் உள்ள போடியார், மற்றவர் வான் ஓட்டும் சாரதி. ஐம்பது வயது கடந்தபின் நால்வருக்கும் ஓர் ஆசை பிறந்தது. மகாவலியில் இராத் தங்கி ஒரு பெரிய வாளை மீனைப் பிடிக்கவேண்டும் என்பதே அது.

வாளையை அறியாதவர்க்குச் சிறிது சொல்லவேண்டும். இது கெளிறு, சுங்கான் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. உடலிலே செதிலில்லை; வாயருகே மீசை போன்ற உணர்விழைகள் உண்டு. கலங்கிய நீரிலும் காரிருளிலும் இரையைத் தேடிக் கண்டுகொள்ள அவை உதவுகின்றன. பகலெல்லாம் கரையோரக் கசங்களிலும் வீழ்ந்த மரங்களின் அடியிலும் பதுங்கியிருந்து, இரவிலே புறப்பட்டுச் சிறு மீன்களை வேட்டையாடும். வாய் அகன்றது, பற்களோ கூர்மையானவை. குறுந்தொகையிலே ஆலங்குடி வங்கனார், மரத்திலிருந்து தானே விழும் மாம்பழத்தைக் கவ்வும் வாளையொன்றைக் காட்டுகிறார். நண்பர்களும் அப்படிப்பட்ட, வலிய வந்து அகப்படும் வாளையையே மனத்தில் எண்ணியிருந்தார்கள் போலும்.

இடம் மன்னம்பிட்டி எனத் தீர்மானமாயிற்று. மலைநாட்டில் ஊற்றெடுத்து 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலி, அவ்விடத்தில் அகன்ற மணற்படுகையோடு செல்கிறது. மட்டக்களப்புப் புகைவண்டிப் பாதை ஆற்றைக் கடப்பதும் அங்கேதான். தபாலதிபருக்கு விடுமுறை வேண்டும். ஆகவே ஆவணி மாதத்துப் போயா தினத்துக்கு முந்திய இரவை அவரே குறித்தார். இரை கொண்டு வரும் பொறுப்பைச் சாரதி ஏற்றார். தூண்டிலும் தங்கூசி நூலும் போடியாருடையவை. அவருடைய தந்தையார் காலத்துப் பெட்டியில் இருந்தவை. தேநீர்க்கடைக்காரர் ஒரு கேத்திலையும், தேயிலை, சீனியையும், சாக்கு நிறையச் சிரட்டைகளையும் கொண்டு வந்து வானில் ஏற்றினார்.

"என்ன மச்சான், ஆத்தங்கரையிலயும் கடை போடப் போறியோ?" என்றார் போடியார்.

"இராவில குளிரும் மச்சான், கிடக்கட்டும்" என்றார் அவர்.

பொழுது சாயும் வேளையில் ஆற்றங்கரையை அடைந்தனர். வானைப் பெருவீதியருகே நிறுத்திவிட்டு, பற்றைக் காட்டினூடே செல்லும் ஒற்றையடிப் பாதையால் நடந்து மணற்றிடருக்கு வந்தனர். அங்கே வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர்களைப் பார்த்து மூன்று சொற்கள் சொன்னார். முழு நிலவு காலத்தில் வாளை ஆழத்தை விட்டு எளிதில் வெளிவராது என்பது முதலாவது. மணல் தாழ்ந்த இடம். ஆறு ஏறினால் இருக்க இடமிராது என்பது இரண்டாவது. இருட்டியபின் அந்தப் பாதையில் யானை வரும். விடியுமுன் திரும்ப எண்ணவேண்டாம் என்பது மூன்றாவது.

"மழை கண்டு மூணு மாசம். ஆறு எங்க இருந்து பெருகும் ஐயா?" என்று போடியார் சிரித்தார். பெரியவர் மேலும் ஒன்றும் சொல்லாது வலையைத் தோளிலிட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் இடர் அரை மணி நேரத்தில் வந்தது. சாரதி இரைத் தகரத்தைத் திறந்தார். நாக்கிளிப் புழுக்கள் யாவும் இறந்து கிடந்தன. மண்ணிடாமல், மூடியிலே துளையும் இடாமல், பகல் முழுதும் வெயிலில் நின்ற வானிலே வைத்திருந்தால் வேறென்ன நிகழும்? ஆயினும் மூவர் பார்வையும் ஒருமுறை தேநீர்க்கடைக்காரர் பக்கம் திரும்பி மீண்டது.

இறந்த புழுவையே கோத்து எறிந்தனர். நிலவு பகல்போல எரிந்தது. நண்டுகள் இரையைக் கொய்து தின்றன. இரவு ஒன்பது மணியளவில், மணற்றிடரின் பின்னே தேங்கியிருந்த சேற்று நீரில் தபாலதிபர் இட்ட தூண்டிலில் ஒரு சாண் நீளச் சுங்கான் அகப்பட்டது. அதனை ஈரச் சாக்கில் இட்டு வைத்தனர்.

பதினொரு மணிக்குமேல், மின்சூளின் ஒளியில் பிடித்த சிறு கெண்டையொன்றைப் போடியார் உயிரோடு கோத்து, எதிர்க்கரை மரத்து நிழல் விழுந்த ஆழத்தில் விட்டார். சிறிது நேரத்தில் நூல் மெல்ல நகர்ந்தது. பின் விசையோடு ஓடியது. போடியார் எழுந்து நின்று இழுத்தார். நூல் விரலை அறுத்தது. நடு ஆற்றில் நீர் பிளந்து, நீண்டு தட்டையான வெள்ளுடல் ஒன்று நிலவிலே புரண்டது. இரண்டு முழத்துக்குக் குறையாது. "விடாதே, விடாதே!" என்று எல்லாரும் கூவினர். கரைக்குப் பத்து முழ தூரம் வரை அது வந்தது. அப்பால் நூல் தளர்ந்து போடியாரின் காலடியில் விழுந்தது.

போடியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "வாற நேரமே நினைச்சன். சூறாவளியக் கூட்டிக்கொண்டு வந்தா மீனும் நிக்குமோ?"

நாற்பத்தைந்து ஆண்டுகளாக விளையாட்டாகச் சொல்லிய சொல்தான். ஆனால் அன்று அதில் விளையாட்டில்லை. தபாலதிபர் தலையைக் குனிந்துகொண்டார். தேநீர்க்கடைக்காரர் எழுந்து போய்த் தம் சிரட்டை அடுப்பின் முன் தனியே அமர்ந்தார்.

நள்ளிரவு கடந்தபின் சாரதியின் செருப்பு நீரில் மிதந்து செல்வதை முதலிற் கண்டவர் அவரே. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கிலே கச்சான் காற்று வீசி மண் வெடிக்கும் அதே மாதங்களில், மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவக்காற்று மழையைப் பொழியும். அன்றியும் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை முதலிய அணைகளிலிருந்து மின்னாக்கத்துக்கும் பாசனத்துக்கும் திறக்கப்படும் நீரும் ஆற்றின் மட்டத்தை மாற்றும். ஆகவே மன்னம்பிட்டியில் வானம் தெளிந்திருப்பது கொண்டு மகாவலியை மதிப்பிடலாகாது.

நால்வரும் பொருள்களை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடினர். சோற்றுப் பொதி போயிற்று, பாய் போயிற்று. போடியார் கைக்குக் கிடைத்த ஈரச் சாக்கை இறுகப் பற்றித் தூக்கினார். தூக்கியவர் 'ஐயோ' என்று அலறிச் சாக்கை எறிந்தார்.

சுங்கானின் இரு பக்கச் செட்டைகளிலும் ஒவ்வொரு முள் உண்டு. அம்முள்ளில் நஞ்சு உண்டு. சாக்கினூடே அது பெருவிரலின் அடியில் ஆழமாக ஏறியிருந்தது. நோவு கையிலிருந்து தோள்வரை பரவியது. வயலில் எருமையை அடக்கும் மனிதர் மணலிலே குந்தி, பிள்ளைபோல் முனகினார். உடனே வைத்தியசாலைக்குப் போவோமென்று சாரதி பாதையை நோக்கி நடந்தார். இருபது அடி சென்றதும் நின்றுவிட்டார். பற்றைக்குள் கிளைகள் முறியும் ஓசையும், யானைகள் மூச்செறியும் ஓசையும் தெளிவாகக் கேட்டன. பெரியவர் சொன்ன மூன்றாவது சொல்லும் மெய்யாயிற்று.

அப்போது தேநீர்க்கடைக்காரர் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீர் கொதித்திருந்தது. தேநீர்ச் சட்டியொன்றில் அதை ஊற்றி, ஆற்று நீர் கலந்து, முதலில் தம் கையை அமிழ்த்திப் பார்த்தார். "பொறுக்கக்கூடிய சூடு இருக்கவேணும், அவியக்கூடாது" என்று சொல்லிப் போடியாரின் கையைப் பிடித்து அதனுள் வைத்தார்.

துறைமுகத்து வழியில் கடை வைத்திருப்பவருக்கு இது புதிதன்று. கெளிறு குத்திய கையோடு விடியற்காலையில் வள்ளத்தால் இறங்கும் கடற்றொழிலாளர் முதலில் ஓடி வருவது அவர் கடைக்கே. கேட்பது தேநீரன்று, சுடுநீர். இவ்வகை மீன்களின் நஞ்சு புரதப் பொருளாதலால் வெப்பத்திலே சிதைந்து வலுவிழக்கும் என மருத்துவர் கூறுவர். ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ், அதாவது நல்ல கை தாங்கக்கூடிய சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை அமிழ்த்தி வைப்பது அவர்கள் கூறும் முதலுதவி. நோவெடுத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாதாகையால், பக்கத்திலிருப்பவர் தம் கையால் சோதிக்கவேண்டும். அதன்பின்னும் வைத்தியரிடம் காட்டவேண்டும். உடைந்த முள் உள்ளே தங்கியிருக்கலாம், ஏற்பூசி ஊசியும் வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரம் அவர் அடுப்பை விட்டு எழவில்லை. நீர் ஆற ஆறச் சுடுநீர் ஊற்றினார். ஊற்றுந்தோறும் தம் கையை முதலில் வைத்துப் பார்த்தார். மட்டக்களப்பு இரவு வண்டி பாலத்தைக் கடந்து ஒளி வரிசையாகச் சென்றது. அந்நேரம் போடியாரின் முனகல் தணிந்திருந்தது. மிகுந்த வெந்நீரில் தேநீர் ஊற்றி நால்வருக்கும் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது போடியார் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாதிருந்தார்.

தபாலதிபர், கணக்கு முடிக்கும் பழக்கமுள்ளவர். மின்சூளைப் பிடித்துக்கொண்டு தூண்டில் நூலின் அறுந்த நுனியைப் பார்த்தார். "முடிச்சு அவிழயில்ல, பல்லு வெட்டியிருக்கு. வாளைக்கு நுனியில கம்பி கட்டவேணும், நாம கட்டயில்ல. நூலும் பழசு" என்றார். சற்று நேரஞ் சென்று, "நிலவு நாளைக் குறிச்சது நான்" என்றார். "புழுவைச் சாகக் குடுத்தது நான்" என்றார் சாரதி. போடியார் வெகுநேரம் கழித்து, "அந்தக் கிழவன் சொன்னதைக் கேளாதது நான்" என்றார்.

நால்வரில் குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர் ஒருவரே எஞ்சினார். அவர் கேத்திலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் சாக்கை அவிழ்த்தால் சுங்கான் உயிரோடிருந்தது. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு உண்டு. ஈரம் இருந்தால் நீரின்றியும் நெடுநேரம் வாழும். இரவு முழுதும் பட்ட பாட்டுக்கு அகப்பட்ட ஒரே மீன் அதுதான். போடியார் கட்டிய கையோடு சாக்கைத் தேங்கு நீரில் கவிழ்க்கச் சொன்னார். பின்பு யானைகள் விலகிய பாதையால் நடந்து, வைத்தியசாலைக்குப் போயினர். காயத்தைப் பார்த்த வைத்தியர், சுடுநீரில் வைத்தது யார் என்று கேட்டார். "எங்கட கூட்டாளி" என்றார் போடியார். சூறாவளி என்று சொல்லவில்லை.

அடுத்த சித்திரை வந்தது. வருடம் பிறந்து கைவிசேட நேரம் தொடங்கிய வேளை, தேநீர்க்கடையின் கதவு தட்டப்பட்டது. போடியார் புது வேட்டியோடு வாசலில் நின்றார். பின்னால் மனைவியும் மக்களும் பேரப்பிள்ளைகளும் நின்றனர்.

"என்ன மச்சான் இந்த நேரத்தில?" என்றார் கடைக்காரர்.

போடியார் ஒன்றும் சொல்லாமல், பெருவிரலடியில் தழும்புள்ள வலக்கையை நீட்டினார். உள்ளே, வெற்றிலையில் வைத்த நாணயங்கள் ஆயத்தமாகவே இருந்தன.