ஊசி போடுகிறவருக்கும் ஊசி

2021ஆம் ஆண்டு ஜனவரி 16. இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கிய நாள். முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவரே ஒரு தூய்மைப் பணியாளர்தான். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களுக்குச் செய்யும் நன்றிக்கடன் என்று பலரும் சொன்னார்கள். நன்றிக்கடன்தான், மறுப்பதற்கில்லை. அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது.

வார்டில் படுத்திருக்கும் நோயாளி கட்டிலை விட்டு அதிகம் நகர்வதில்லை. கட்டிலுக்குக் கட்டில் போகிறவர் செவிலியர். எல்லா வார்டுகளுக்கும் போய்வருகிறவர், குப்பை அள்ளும் அம்மா. இவர்களிடம் ஒரு கிருமி தொற்றினால் அது மருத்துவமனை முழுக்கச் சுற்றிவரும். இவர்கள் நோயில் விழுந்தால் வார்டைப் பார்க்க ஆள் இருக்காது. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்களுக்கான தொற்றுத்தடுப்பு வழிகாட்டுதல்கள், நோயாளிக்குச் சிகிச்சை தருவதற்கு முன்னாலேயே பணியாளரின் உடம்பைப் பற்றிக் கேட்கின்றன. உனக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?

முதலில் கேட்பது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மஞ்சள் காமாலை என்றாலே நமக்குக் கீழாநெல்லி ஞாபகம் வரும். ஆனால் காமாலையில் பல வகை உண்டு. தண்ணீராலும் உணவாலும் பரவுவது ஒரு வகை. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல, இரத்தத்தால் பரவுவது. உடம்பில் நுழைந்த பிறகு, பலருக்குக் கண்கூட மஞ்சளாகாது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலில் தங்கி, ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது. மேசையில் சிந்திக் காய்ந்துபோன இரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும்.

இது பணியாளரின் உடம்புக்குள் எப்படிப் போகிறது? நள்ளிரவு டியூட்டி. செவிலியர் ஒரு நோயாளியிடம் இரத்தம் எடுக்கிறார். வலது கையில் சிரிஞ்ச், இடது கையில் ஊசியின் மூடி. பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிடுகிறார்கள். அவசரமாக மூடியை ஊசியில் பொருத்தப் பார்க்கிறார். ஊசி முனை மூடிக்குள் போகாமல் இடதுகை ஆள்காட்டி விரலில் இறங்கிவிடுகிறது. உலகம் முழுக்க மருத்துவமனைகளில் நடக்கும் ஊசிக்குத்துக் காயங்களில் கணிசமானவை இப்படி மூடியைத் திரும்ப மாட்டும்போது நடப்பவை. அதனால் விதி சுருக்கமானது: பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதே. முனையை அங்கேயே வெட்டி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போட்டுவிடு.

அந்த ஊசியை டப்பாவில் போடாமல் சிவப்புக் குப்பைப் பையில் எறிந்தால் என்ன ஆகும்? மறுநாள் காலை பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் தொடையிலோ கையிலோ குத்தும். எந்த நோயாளியின் ஊசி என்றுகூட அவருக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துத்தான் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போடுவதை மருத்துவமனை நிர்வாகத்தின் கடமையாக்கியிருக்கின்றன. இது சட்டம். நிர்வாகம் மனமிரங்கிச் செய்யும் சலுகை இல்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ். முதல் டோஸ் போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை. சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வருவதில்லை. அவர்களுக்கு இன்னொரு சுற்று போடுவார்கள்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. எரிகிற கிருமிநாசினியை ஊற்றக் கூடாது. உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். பலர் தடுமாறுவது இந்தக் கடைசிப் படியில்தான். கவனக்குறைவு என்று திட்டுவார்களோ என்ற பயத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். இதில் நேரம் முக்கியம். ஊசிக்குத்தால் எச்ஐவியும் தொற்றலாம்; அதைத் தடுக்கும் மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். தயங்கித் தயங்கி நாலாவது நாள் வந்து சொன்னால் அந்த மாத்திரைக்கான நேரம் கடந்திருக்கும். ஊசிக்குத்தைச் சொன்னவரைத் திட்டும் மருத்துவமனையில் அடுத்த ஊசிக்குத்து மறைக்கப்படும்.

அடுத்தது காற்றில் வரும் நோய்கள். தட்டம்மை வந்த குழந்தை புறநோயாளிகள் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாலும், அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். பிறகு அங்கே வந்து உட்காரும் கர்ப்பிணிக்கும், சீட்டு எழுதிக் கொடுக்கும் ஊழியருக்கும் தொற்றலாம். அதனால் தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதைப் பணியில் சேரும்போதே பார்த்துவிடச் சொல்கிறார்கள். இவை உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகள் என்பதால் கர்ப்பமாக இருக்கும்போது போட முடியாது. இளம் செவிலியர்கள் இதைத் தள்ளிப்போடாமல் முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள், வீட்டில் இருப்பவர்களும் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். மருத்துவமனையிலும் இதற்கு இணையான விதி உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஊழியர் சின்னம்மை நோயாளியோடு பழக நேர்ந்தால், எட்டாம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை நோயாளிகளிடம் போகக் கூடாது. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று அவருக்குத் தோன்றும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

தடுப்பூசியை மட்டும் நம்பியிருக்க முடியாத நோயும் உண்டு. காசநோய் அப்படிப்பட்டது. பிசிஜி தடுப்பூசி பெரியவர்களைக் காக்கிறதா என்று அறிய 1968இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து குழந்தைகளை அது காப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். காசநோய் வார்டில் வேலை செய்யும் பெரியவருக்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

அந்தப் பாதுகாப்பு எளிமையானது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று பணியாளர் பக்கமிருந்து நோயாளி பக்கம் போய் வெளியேறும்படி நாற்காலியைப் போட வேண்டும். இருமுகிற நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், பணியாளருக்கு என்95. அந்த என்95 முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். தாடி வைத்தவருக்கு ஓரங்களில் காற்று புகுந்துவிடும். ஏசி போட்டு ஜன்னலை அடைத்த அறை பார்க்க வசதியாக இருக்கும். இருமல் நோயாளி உட்காரும் இடத்துக்கு அது ஆகாது.

எல்லாத் தடுப்பூசியும் போட்டவராக இருந்தாலும் கைகள் கிருமியைச் சுமக்கும். நோயாளியைத் தொடும் முன், ஊசி குழாய் போன்றவற்றைச் செருகும் முன், இரத்தமோ சளியோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசையைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்களில் கை சுத்தம் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் தேய்க்கும் சானிட்டைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை இருந்தால் கை கழுவ வேண்டாம் என்று நினைப்பது தவறு. ஒரே கையுறையோடு நாலு கட்டிலுக்குப் போனால் கையுறை போட்டவருக்குத்தான் பாதுகாப்பு, நோயாளிக்கு இல்லை.

இந்த விதிகள் எங்கே ஓட்டையாகின்றன? மருத்துவர், செவிலியர் என்றால் ஊசி போட்ட கணக்குப் பதிவேட்டில் இருக்கும். தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. ஹெபடைடிஸ் பி மூன்றாவது டோஸுக்கு ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் ஒப்பந்ததாரர் மாறினால், அடுத்த டோஸ் யார் பொறுப்பு என்ற கேள்வியிலேயே அது நின்றுபோகும். பணியாளர்கள் தங்கள் தடுப்பூசி அட்டையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். இடையில் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட டோஸைப் போட்டுக்கொண்டால் போதும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தால், மூன்றாவது டோஸ் போட்டாயிற்றா என்று கேளுங்கள். சிறிய மருத்துவமனையோ கிளினிக்கோ ஆய்வகமோ நடத்துகிறவர்கள், நாளைக் காலை பதிவேட்டை எடுத்து, மருத்துவரின் பெயரிலிருந்து பார்க்காமல் குப்பைப் பை தூக்குகிறவரின் பெயரிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். அந்த வரி நிரம்பியிருந்தால் மற்றவை அநேகமாகச் சரியாகவே இருக்கும்.