நோயாளியைத் தூக்கும் முதுகு

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சுமை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சுப் பொதியை உருட்டியவர்களும், களத்திலிருந்து நெல் மூட்டையைத் தலையில் ஏற்றியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் உழைப்பாளிகளில் இன்னொரு பகுதியினர் உண்டு. அவர்கள் தூக்குவது மூட்டையை அல்ல, மனிதனை. ஆஸ்பத்திரி நர்சுகள், ஆயாக்கள், வார்டு சிப்பந்திகள் ஆகியோரைத்தான் சொல்கிறோம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடியும் படுக்கைக்கு என்று ஒரு ஷிப்டில் எத்தனை முறை தூக்குகிறார்கள்!

இவர்களுடைய முதுகைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்காகவே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாநாடுகள் கூடி வந்திருக்கின்றன. அங்கே என்ன கண்டார்கள்? கண்டதனால் என்ன விளைந்தது? அதில் நமக்கு என்ன பாடம்? இவற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

யார் மீது குற்றம்?

நீண்ட காலம் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான். "முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பிறகு தூக்கு." முதுகு போய்விட்டால், "நீ சரியாகத் தூக்கவில்லை" என்பார்கள். பாரம் வைத்தவன் மீது குற்றமில்லை. பாரம் சுமந்தவள் மீதே குற்றம்! இந்த நியாயம் நமக்குப் புதிதா? யந்திரத்தில் கை சிக்கினால், "ஏன் கவனமில்லை?" என்று கேட்கிற மேஸ்திரியின் நியாயம்தானே இது?

விஞ்ஞானம் இந்த நியாயத்தை உடைத்தெறிந்தது. 1999இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாரஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் நோயாளியைத் தூக்கும்போது முதுகெலும்பின் மீது விழும் பாரத்தை அளந்தார்கள். எந்த முறையில் தூக்கினாலும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும், அபாயம் நீங்கவில்லை என்று கண்டார்கள். அதாவது, கோளாறு தூக்குகிற முறையில் இல்லை. தூக்கச் சொல்வதிலேயே இருக்கிறது.

2007இல் தாமஸ் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கணக்குச் சொன்னார். கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை, எல்லா வசதியும் சரியாக இருக்கும்போது தூக்க, அந்நாட்டு ஆராய்ச்சி நிலையம் வகுத்த வரம்பு சுமார் 23 கிலோ. நோயாளியானால் அதிகபட்சம் 16 கிலோதான் என்றார் அவர். ஏன் இந்தக் குறைவு? மூட்டை திடீரென்று பயந்து நம் கழுத்தைப் பிடிக்காது. கால் துவண்டு சரியாது. அதை உடம்போடு அணைத்துத் தூக்கலாம். நோயாளியையோ கட்டிலுக்கு மேல் குனிந்து, கையை நீட்டித் தூக்க வேண்டும். 100 கிலோ எடையுள்ள ஒருவருடைய ஒரு கால் மட்டுமே சுமார் 16 கிலோ இருக்கும். அப்படியானால் ஆளையே தூக்குவது எங்கே போய் நிற்கும்?

மாநாட்டிலிருந்து சட்டத்துக்கு

பிரிட்டனில் 1988இல் நேஷனல் பேக் எக்ஸ்சேஞ்ச் என்ற சங்கம் தோன்றியது. நர்சுகளும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் வேலைப் பாதுகாப்பு அறிந்தவர்களும் அதில் கூடினார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் கண்டதை இன்னொரு ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்கள். அபாயமான தூக்கு வேலையை இயன்றவரை தவிர்ப்பது எஜமானரின் கடமை என்று 1992ஆம் ஆண்டு விதிகள் கூறின. உயிருக்கு ஆபத்தான நேரம் போன்ற விதிவிலக்குகள் தவிர, நோயாளியைக் கையால் தூக்குவதையே ஒழிக்க வேண்டும் என்று 1996இல் ராயல் நர்சுகள் கல்லூரி எனப்படும் நர்சுகள் ஸ்தாபனம் வழிகாட்டியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1998இல் நர்சுகள் யூனியனே "தூக்க மாட்டோம்" என்ற கொள்கையை வகுத்து முன்வந்தது.

அமெரிக்காவின் கதை நம்முடைய கவனத்துக்குரியது. முதுகும் தோளும் கெடுகிற வேலைகளுக்கெல்லாம் சேர்த்து, சுமார் பத்தாண்டு முயற்சிக்குப் பின், 2000 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு விதி வெளியிட்டது. முதலாளிகளின் சங்கங்கள் கூச்சலிட்டன. 2001 மார்ச்சில் காங்கிரஸ் சபைகள் அதை ரத்துச் செய்தன. ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். பத்தாண்டு வேலை சில நாட்களில் குப்பைக்குப் போயிற்று!

ஆனால் நர்சுகள் ஓயவில்லை. புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில், ஆட்ரி நெல்சன் என்ற நர்சு ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் நோயாளிகளைப் பத்திரமாகத் தூக்கும் வழிகளைச் சோதித்தார்கள். மாநாடு கூட்டி நாட்டுக்கே சொன்னார்கள். 2003இல் அமெரிக்க நர்சுகள் சங்கம் இதை ஒரு இயக்கமாக்கியது. 2005இல் டெக்ஸாஸ் முதல் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவில் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் இத்தகைய மசோதாக்களை ஒருமுறைக்கு மேல் நிராகரித்தார். உடற்கட்டுப் போட்டிகளில் உலகப் பட்டம் வென்றவர் அவர். பாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவர் பதவியிலிருந்து போன பிறகு, 2011இல் சட்டம் நிறைவேறியது. யந்திரமோ, பயிற்சி பெற்ற ஆட்களோ இல்லாமல் தூக்க மறுக்கும் ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தோழர்களே, "முடியாது" என்று சொல்லும் உரிமை! அதுவே இந்தக் கதையின் உயிர்நாடி.

நோயாளி மூட்டையல்ல

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "கையால் தூக்கவே மாட்டோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், நோயாளியின் கதி என்ன? கிழக்கு சஸ்ஸெக்ஸ் பகுதியில் உடல் ஊனமுற்ற இரண்டு சகோதரிகளுக்காக இந்தக் கேள்வி இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஊழியரின் பாதுகாப்பையும் ஊனமுற்றவரின் மானத்தையும் ஒருசேர எடைபோட வேண்டும், ஒரேயடியாகத் தடை போடுவது செல்லாது என்று 2003இல் தீர்ப்பாயிற்று. நியாயமான தீர்ப்பு. தவறிப்போய்க் கீழே விழுகிறவர் நோயாளி. தாங்கப்போய் முதுகு ஒடிகிறவர் நர்சு. இருவருக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. கூரைத் தண்டவாளத்தில் ஓடும் தூக்கு யந்திரம், நோயாளியை ஏந்தும் துணித் தூளி, படுக்கையில் நகர்த்த வழுக்குத் துணி என்று எல்லாம் வந்துவிட்டன. மாநாட்டுக் கூடங்களில் கம்பெனிகள் இவற்றைக் கடை பரப்பி விற்கின்றன. ஆனால் யந்திரம் வாங்கினால் மட்டும் போதுமா? அது அறையில் பூட்டிக் கிடந்தால், தூளி சலவைக்குப் போயிருந்தால், ஒரு வார்டுக்கு ஒரே நர்சு இருந்தால், அவள் மறுபடியும் முதுகைத்தான் கொடுப்பாள். ஆகவே, யந்திரத்தோடு போதிய ஆள் பலமும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்கச் செய்யக் கூடாது என்றது. அது ஆலை வாசலோடு நின்றது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழையவில்லை. அங்கே தூக்குவது ஆயாவும் வார்டு சிப்பந்தியும். பல நேரம், கூடத் துணைக்கு வந்த நம் வீட்டுப் பெண்களே!

எனவே இது யாரோ ஒரு நர்சின் வலியல்ல. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஆஸ்பத்திரி ஊழியரின் கோரிக்கையும் சேர வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் தூக்கு யந்திரமும் வழுக்குத் துணியும் வேண்டும். இரவு ஷிப்டிலும் போதிய ஆட்கள் வேண்டும். முதுகு கெட்டால் அதை வேலையில் நேர்ந்த காயமாகக் கருதி நஷ்ட ஈடு தர வேண்டும். அபாயமான பாரத்தை மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது. இத்தகைய மாநாடுகள் இங்கே கூடினால், அதிகாரிகளோடு ஆயாவும் பிரதிநிதியாக உட்கார வேண்டும். பாரம் எவ்வளவு என்று அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

மாநாடு உண்மையைக் கண்டுபிடிக்கும். அந்த உண்மையைச் சட்டமாக்குவது சங்கத்தின் வேலை. சட்டத்தை வார்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவதும் சங்கத்தின் வேலையே. நாளை நாம் படுக்கையில் விழுந்தால் நம்மைத் தூக்கப்போவது அந்தக் கைகள்தான். அந்த முதுகு ஒடியாமல் காப்பது நம் கடமை.