வரைபடத்தில் நான் தொலைத்த கண்மாய்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புவியியல் படித்தவன் என்று சொன்னால், "மேப்பிலே ஊர் குறிக்கிற பாடம்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், அதேதான். அந்த மேப்பை வைத்து நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1998இல் சிவகங்கைப் பக்கம் சில கிராமங்களின் நிலப் பயன்பாட்டை வகை பிரிக்கும் வேலை எனக்கு. கையில் ஐ.ஆர்.எஸ்.-1சி செயற்கைக்கோள் எடுத்த படம். அதில் ஒரு கட்டம் 23.5 மீட்டர் சதுரம். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் பதின்மூன்றரை சென்ட். அந்தப் படத்தில் பச்சை இருக்கிற இடம் சிவப்பாகவும், தண்ணீர் கருமையாகவும் தெரியும். ஓரிடத்தில் நல்ல சிவப்பு. தண்ணீர் துளியும் இல்லை. "புதர் மண்டிய தரிசு" என்று குறித்துவிட்டேன்.

நேரில் சரிபார்க்கப் போனபோது, அந்த ஊரில் நீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீங்க நிக்கிறது கண்மாய்க்குள்ள" என்றார். கரையைக் காட்டினார், மடையைக் காட்டினார், கலிங்கைக் காட்டினார். சிவப்பாகத் தெரிந்தது அத்தனையும் சீமைக் கருவேலம்! படமோ மே மாதத்துப் படம். "கார்த்திகையில வந்து பாருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அதில் அந்தக் கண்மாய் நீல நிறத்தில் இருக்கிறது. நான்தான் எடுத்துப் பார்க்கவில்லை.

தரிசு என்று அறிக்கையில் ஏறிவிட்டால், நாளைக்கு யாராவது "சும்மா கிடக்கிற நிலம்" என்று கட்டடம் கட்ட வரலாம். அந்தக் கண்மாயின் கலிங்கில் வழிகிற தண்ணீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அதில் மிஞ்சுவது அதற்கடுத்ததற்கு. தலைக்கண்மாய் போனால் கீழே உள்ள ஊர்களின் வயலும் போச்சு.

திரும்பி வந்து கணக்கை மாற்றிப் போட்டோம். மே மாதப் படத்தோடு மழைக்காலத்துக்குப் பிந்தைய படத்தையும் சேர்த்தோம். அதன் மேல் சம உயரக் கோடுகளை வைத்தோம். கண்மாயை வெறும் பரப்பாக விடாமல், எந்த வரத்துக்கால் எதில் சேருகிறது, எந்தக் கலிங்கு எங்கே வழிகிறது என்ற உறவையும் கணினியில் ஏற்றினோம். அப்போதுதான் படம் பேசியது. தகவல் முன்னாலும் இருந்தது. பொருள் இப்போதுதான் வந்தது.

இது புதுப் பாடமும் இல்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவை அடுத்த பகுதியில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். குறிகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்தன. அவர் அதோடு நிற்கவில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் ஏன் தப்பினார்கள் என்று போய்க் கேட்டார். அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. குறிகள் சந்தேகத்தை எழுப்பின. விசாரித்ததுதான் அதை உறுதிப்படுத்தியது.

நம் சென்னையையே பாருங்கள். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது; லேக்கைக் காணோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை என்பதை நாம் கண்டோம்.

தம்பி தங்கைகளே, நாங்கள் மேசையில் வைத்து நாள் கணக்கில் வரைந்ததை இன்று உங்கள் செல்போன் நொடியில் காட்டுகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு இடத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படம் எந்த மாதம் எடுத்தது? இந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? இங்கே இருக்கிறவர்கள் இதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?

மூன்றாவது கேள்வியை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.