மலையின் நிழற்படம்



குன்றென்று சொல்ல ஒரு மேடும் இல்லாத ஊர் சுண்ணாம்புக்குளம். கிழக்கே ஏரி, ஏரிக்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ஞாயிறு இங்கே நீர்மட்டத்தில் எழுகிறது. பழவேற்காட்டு மீனவர் அதை வியந்து நிற்பதில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து வலை வீசும் வேளை அது. இத்தகைய ஊரின் மேடையில், மலையுச்சியில் நின்று விடியலைப் படமெடுப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆனால் கவியரங்குகளில் பாடப்படும் விடியற் கவிதைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கடலோரக் கவிஞரின் ஏட்டிலும் கதிரவன் இரண்டு மலைமுகடுகளுக்கு இடையேதான் எழுகிறான். அந்த மலை நாட்காட்டிப் படத்திலிருந்து வந்த மலை. அப்படம் எடுக்கப்படும் இடத்திற்கே சென்று பார்த்தால் சில உண்மைகள் புலப்படும்.

அதற்குத் தக்க இடம் இலங்கையின் சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீட்டர். தமிழுக்கு இது புதிய மலை அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் தீவதிலகை, இரத்தின தீவத்துச் சமந்த மலையின் உச்சியில் அறவோனின் அடிச்சுவடு இருப்பதைக் கூறுகிறாள். அந்தச் சமந்தம் இம்மலையே என்பது அறிஞர் கொள்கை. அச்சுவட்டைப் பௌத்தர் புத்தரின் அடி என்பர். சைவர் சிவனடி என்பர். இசுலாமியர் ஆதம் நபியின் அடி என்பர். 1344ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா இதன்மீது ஏறினார். டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாதத்து வைசாகப் பௌர்ணமி வரை யாத்திரைப் பருவம். நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் ஆயிரக்கணக்கான படிகளை ஏறிவருவோர், தாம் எத்தனையாவது முறை வருகின்றனரோ அத்தனை முறை உச்சியிலுள்ள மணியை ஒலிப்பர்.

விடியும் வேளையில் கூட்டம் முழுவதும் கீழ்த்திசைப் பக்கமாக நெருங்குகிறது. முன்பு கைகூப்பிய இடத்தில் இன்று கைப்பேசிகள் உயர்கின்றன. உயரத்தின் காரணமாகத் தொடுவானம் ஒன்றரைப் பாகை அளவிற்குத் தாழ்ந்து தோன்றுவதால், கடல்மட்டத்தில் நிற்பவரைவிட ஐந்தாறு நிமிடம் முன்னதாகவே முதற்கதிர் இங்கே தெரிந்துவிடும். அதன்பின் வட்டம் முழுமையாக மேலெழ இரண்டு நிமிடமே ஆகும். அந்த இரண்டு நிமிடத்திற்காகவே பலர் இரவெல்லாம் ஏறியிருக்கின்றனர்.

கிடைக்கும் படமோ பெரும்பாலும் ஏமாற்றம். கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும் கதிரவன் வானத்தில் அடைக்கும் இடம் அரைப்பாகைதான். ஐம்பது மில்லிமீட்டர் லென்சு பொருத்திய கேமராவில் பிலிம்மீது விழும் அதன் உருவம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு கடுகளவும் இல்லை. அதனினும் பெரிய இடர்ப்பாடு ஒளியளவு. கதிரவனுக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் முன்னிற்கும் மனிதர் கரிய நிழலுருவாகிவிடுவர். மனிதருக்கு ஏற்பக் கூட்டினால் வானம் வெளுத்து, விடியலே மறைந்துவிடும். பல படங்களை ஒன்றாக இணைத்து இக்குறையைப் போக்கும் கணினி முறை இன்று உண்டு. எனினும் ஒரே நொடியில், ஒரே பார்வையில், இரண்டையும் ஒருங்கே பெறுவது அரிது. கவிதையிலும் இதே இடர்ப்பாடு இருக்கிறது; அங்கே இணைத்துக்கொடுக்கக் கருவியும் இல்லை.

ஆனால் இம்மலையின் உண்மையான அற்புதம் கிழக்கில் இல்லை. கதிர் எழுந்த கணத்தில் முதுகைத் திருப்பி மேற்கே நோக்குவோருக்கு, காட்டின்மீதும் பனிமூட்டத்தின்மீதும் மாபெரும் முக்கோணமாக மலையின் நிழல் விரிந்து கிடப்பது தெரியும். மலை கூம்பாக இருப்பதனால் நிழலும் கூம்பாயிற்று எனப் பலர் எண்ணுவர். அது முழுக் காரணமன்று. உச்சி தட்டையாக இருந்தாலும், மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு அந்நிழல் கூராகவே தோன்றும். நெடுந்தொலைவு செல்லும் இரு தண்டவாளங்கள் ஒன்றுகூடுவதுபோல் தெரியும் அல்லவா, அதே முறைதான். 1886ஆம் ஆண்டில் ரால்ஃப் ஆபர்குரோம்பி என்னும் பிரித்தானிய வானிலை அறிஞர் இங்கே தங்கி இக்காட்சியை ஆராய்ந்தார். பனிமூட்டம் இடையே புகுந்தபோது நிழல் தரையை விட்டெழுந்து எதிரே திரைபோல நின்றதையும், அதைச் சுற்றி வானவில் வட்டம் தோன்றியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இக்கருவி எடுக்கும் படத்திற்கு நிழற்படம் என்றும் ஒளிப்படம் என்றும் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன. எது பொருத்தம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இம்மலையைப் பொறுத்தவரை தீர்ப்பு நிழற்படத்திற்கே சாதகம் எனலாம்!

திரும்பி நிற்பவருக்கு வேறொன்றும் வாய்க்கிறது. கிழக்கே படமெடுத்தவரின் கையில் கருநிழலாகிப்போன அதே மனிதர்கள், இவருக்கு முகத்தில் இளவெயில் விழ நிற்கின்றனர். கம்பளிக்குள் குழந்தையை அணைத்த தாய், மகனின் தோளைப் பற்றி ஏறிவந்த முதியவர், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் எனப் பலரும் அங்கே உண்டு.

மஸ்கெலியா என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இடப்புறமாக, கீழே, விடியொளியில் மின்னும் நீர்ப்பரப்பு ஒன்று பல படங்களில் அழகு சேர்க்கிறது. அது ஏரி அன்று, மவுசாகலை நீர்த்தேக்கம். 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கியது. கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீருக்கடியில் போயின. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது கோயிலின் சிதைவுகள் வெளிப்படுவதுண்டு. அந்தப் பளபளப்பைப் படமெடுத்துச் செல்வோருள் எத்தனை பேர் இதை அறிவர்?

தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரின் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரைத் திருப்பி அனுப்புவதென முடிவு செய்தது. பின்னர்ப் போர்க்காலத்தில் ஏதிலிகளாய் வந்தோரிலும் மலையக வழியினர் உண்டு. அத்தகையோருக்கான முகாம்களுள் ஒன்று இவ்வூருக்கு அருகே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. விடியலைப் பாட மலை தேடும் கவிஞர் அங்கே சென்று, சிவனொளிபாதத்தின் அடிவாரத்தில் பிறந்தோர் எவரேனும் உளரா என்று கேட்கலாம். இருந்தால், அவர்கள் கதிரவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அதிகாலைப் பிரட்டுக்களத்தைப் பற்றியும், கொழுந்துக் கூடையின் கனத்தைப் பற்றியும் பேசக்கூடும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.